பருத்தியும் ஹெம்ப்பும்: டர்பனில் ஓராண்டு உடுத்திப் பார்த்த மூன்று சட்டைகள்

சென்ற ஆண்டு தைப்பூசம் முடிந்த மறுவாரம், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இன்றும் நம்மவர்கள் கிரே தெரு என்றே அழைக்கும் பகுதியில் உள்ள ஒரு துணிக்கடையில் மூன்று வகைத் துணிகளை வெட்டி வாங்கினேன். ஒன்று முழுப் பருத்தி. மற்றொன்று 55 விழுக்காடு ஹெம்ப் என்னும் தண்டு நாரும் 45 விழுக்காடு பருத்தியும் கலந்தது. மூன்றாவது முழு ஹெம்ப். மூன்றும் சாயம் ஏறாத துணிகள். ஒவ்வொன்றிலும் என் வீட்டுக்காரருக்கு ஓர் அரைக்கைச் சட்டை தைத்தேன். மிஞ்சியதில் தலையணை உறைகள் தைத்தேன். ஓராண்டு முழுவதும் அந்த மூன்று சட்டைகளையும் அவர் மாறி மாறி உடுத்த, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 45 முறை துவைக்கப்பட்டபின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நான் 31 ஆண்டுகள் இந்நகரின் ஆடைத் தொழிற்சாலைகளில், முதலில் தையல் இயந்திரத்திலும் பின்னர் வெட்டு மேசையிலும் வேலை பார்த்தவள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தெருவில் ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒரு பெண்ணாவது அந்த வேலைக்குப் போனாள். தொண்ணூறுகளில் இறக்குமதித் தீர்வைகள் குறைக்கப்பட்டு, கப்பல் கப்பலாக மலிவான ஆடைகள் வந்திறங்கிய பிறகு அந்தத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. அதனால், ஒரு துணி எந்தச் செடியிலிருந்து வந்தது என்ற கேள்வியைப் போலவே, அது யார் கையால் எந்த ஊரில் துணியானது என்ற கேள்வியும் எனக்கு முக்கியமானது. கடையில் எனக்குத் துணி காட்டிய தம்பி, “ஆன்ட்டி, ஹெம்ப்புக்குத் தண்ணீரே வேண்டாம், பூச்சிமருந்தே வேண்டாம், பருத்திதான் பூமியைக் கெடுக்கிறது” என்று மிகுந்த நம்பிக்கையோடு சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதிதான் சொன்னார். மீதிப் பாதியைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்த வேண்டும். தமிழில் சணல் என்றால் பலருக்குச் சாக்குப்பை நினைவுக்கு வரும். அது வேறு செடி. தமிழ்நாட்டு உழவர்கள் வயலில் விதைத்து மடக்கி உழுகிற சணப்பும் வேறு செடி. நான் இங்கே பேசுவது கஞ்சாச் செடியின் இனத்தைச் சேர்ந்த, போதைப்பொருள் மிகச் சிறிதளவே உள்ள, நாருக்காக வளர்க்கப்படும் வகையைப் பற்றி. குழப்பம் வராதிருக்க, ஹெம்ப் என்றே எழுதுகிறேன்.

இந்நாட்டில் டக்கா என்று அழைக்கப்படும் அந்தச் செடிக்கும் நம் முன்னோர்களுக்கும் ஒரு கசப்பான தொடர்பு உண்டு. 1860 நவம்பரில் மதராசிலிருந்து ட்ரூரோ கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலிகள் டர்பனில் இறங்கினார்கள். பத்தே ஆண்டுகளில், 1870-இல், டர்பன் அடங்கிய நேட்டாலின் அரசு இயற்றிய கூலிச் சட்டத்தில், கூலிகள் ஹெம்ப் செடியின் எந்தப் பகுதியையும் புகைக்கவோ வைத்திருக்கவோ கூடாது என்றும், அவர்களுக்கு யாரும் அதை விற்கவோ கொடுக்கவோ கூடாது என்றும் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. நம் மொழிச் சொல்லாகிய கூலி என்பதையே எழுதி, நம்மவரைக் குறித்தே அந்தத் தடை எழுதப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2021-இல்தான் ஹெம்ப் இந்நாட்டில் ஒரு வேளாண் பயிராக அறிவிக்கப்பட்டு, உரிமம் பெற்றுப் பயிரிட வழி திறந்தது. அந்தத் துணியில் தைத்த சட்டையை அணிந்து கோயிலுக்குப் போகலாமா என்று என் வீட்டுக்காரர் முதலில் தயங்கியதில் வியப்பில்லை. ஆளிச்செடியின் தண்டிலிருந்து லினன் வருவதைப் போல இதுவும் தண்டு நாரிலிருந்து வரும் துணி என்று விளக்கிய பிறகே உடுத்தினார்.

அடுத்தது, வாங்கிய துணி உண்மையில் அதுதானா என்ற சோதனை. இதற்கு முன்பு ஒரு பேரங்காடிக் கடையில் ஹெம்ப் என்று சொல்லி விற்ற திரைத்துணி ஒன்றை வாங்கி ஏமாந்திருக்கிறேன். நூலைப் பற்றவைத்தபோது அது உருகிக் கருப்பு மணியாகத் திரண்டது. பருத்தியும் ஹெம்ப்பும் லினனும் தாள் எரிவதைப் போல மணத்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். உருகினால் உள்ளே பாலியெஸ்டர் இருக்கிறது. லினனையும் ஹெம்ப்பையும் பிரித்தறிய வெட்டு மேசையில் கற்ற இன்னொரு முறை உண்டு. நூலைப் பிரித்து ஒற்றை நாரை நனைத்து, அதன் நுனி நம்மை நோக்கி இருக்குமாறு பிடித்து உலரவிட வேண்டும். லினன் நார் உலரும்போது கடிகார முள் செல்லும் திசையில் திரும்பும். ஹெம்ப் நார் எதிர்த்திசையில் திரும்பும். இந்தக் கடையின் துணி இரு சோதனைகளிலும் தேறியது. அதற்காகக் கடைக்கு என் முழு மதிப்பெண்ணையும் தருகிறேன்.

பிறகு சமையலறைத் தராசில் ஒரு மீட்டர் துணியை வைத்து நிறுத்தேன். இந்த வேலையைச் செய்யாமல் இரு துணிகளை ஒப்பிடுவது நியாயமில்லை. பருத்தித் துணி 150 செண்டிமீட்டர் அகலத்தில் 210 கிராம் இருந்தது. அதாவது சதுர மீட்டருக்கு 140 கிராம். அதே சதுர மீட்டர் கணக்கில் கலப்புத் துணி 190 கிராம், முழு ஹெம்ப் 225 கிராம். ஹெம்ப் சட்டை நீண்ட நாள் உழைக்கிறது என்று சொல்பவர்களில் பலர் ஒரு மெல்லிய பருத்திச் சட்டையோடு ஒரு தடித்த ஹெம்ப் சட்டையை ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். தடித்த துணி நாள்பட உழைப்பதில் செடியின் பெருமை எவ்வளவு, எடையின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சுருக்கத்தைப் பொறுத்தவரை, 100 செண்டிமீட்டர் அளந்து குறியிட்டு, வெந்நீரில் துவைத்து உலர்த்தியபோது பருத்தி 97 ஆகவும், கலப்பு 95 ஆகவும், முழு ஹெம்ப் 93 ஆகவும் நின்றன. ஆகவே ஹெம்ப் துணியைத் துவைக்காமல் வெட்டுபவர்கள் பிறகு வருந்துவார்கள். தைக்கும்போது பருத்திக்கு 11-ஆம் எண் ஊசி போதுமானதாக இருந்தது. முழு ஹெம்ப்பில் காலர் முனையில் நான்கு மடிப்பு சேருமிடத்தில் அந்த ஊசி ஒடிந்து, 14-ஆம் எண் ஊசிக்கு மாற வேண்டியிருந்தது. துணி முழுவதும் இயற்கை நாராக இருந்து தையல் நூல் பாலியெஸ்டராக இருந்தால் கிழிந்த பிறகு மண்ணில் போட்டாலும் தையல் மட்டும் மக்காமல் கிடக்கும் என்பதால், மூன்றுக்கும் பருத்தி நூலையே பயன்படுத்தினேன்.

இனி உடுத்திய அனுபவம். டர்பனின் சனவரி, பிப்ரவரி மாதங்களைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றே ஈரத்துணியைப் போல உடம்பில் ஒட்டும். காலையில் உலர்த்திய துணி மாலையிலும் சில்லென்று இருக்கும். இந்தப் பருவத்தில்தான் ஹெம்ப் தன் குணத்தைக் காட்டியது. நூல் வாணிபத்தில் எடை கணக்கிடும்போது, உலர்ந்த நாரின் எடையில் பருத்தி 8.5 விழுக்காடு ஈரத்தையும், ஹெம்ப் 12 விழுக்காடு ஈரத்தையும் தன்னுள் வைத்திருக்கும் என்று கொள்வது வழக்கம். அந்த வேறுபாட்டை முதுகில் உணர முடிந்தது. தோட்டத்தில் ஒரு மணி நேரம் வேலை செய்த பிறகு பருத்திச் சட்டை தோளோடு ஒட்டிக்கொண்டது; ஹெம்ப் கலந்த சட்டையோ, அதைவிடத் தடிப்பாக இருந்தபோதிலும், விறைப்பால் உடம்பிலிருந்து சற்று விலகி நின்று காற்றுக்கு வழிவிட்டது. வியர்வை நாற்றமும் அதில் தாமதமாகவே ஏறியது என்று என் வீட்டுக்காரர் சொன்னார். துவைத்த நானும் அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உலர்வதில் நிலைமை மாறுகிறது. ஒரே நேரத்தில் இயந்திரத்தில் பிழிந்து, ஒரே கொடியில் போட்டபோது, பருத்திச் சட்டை ஒன்றரை மணி நேரத்திலும் கலப்புச் சட்டை இரண்டேகால் மணி நேரத்திலும் முழு ஹெம்ப் சட்டை மூன்று மணி நேரத்திலும் உலர்ந்தன. எடை கூடினால் உலரும் நேரமும் கூடும். கோடையில் திடீரென்று மழை வந்து துணியை வீட்டுக்குள் இழுத்துப் போட வேண்டிய நாட்களில் இது சிறிய குறையன்று. மேலும், ஹெம்ப்பில் பூஞ்சை பிடிக்காது என்று துணியில் தொங்கிய அட்டை கூறியது. ஒரு முறை தலையணை உறைகள் மூன்றையும் ஈரத்தோடு ஒரு பையில் மறந்துவிட்டேன். நான்காம் நாள் எடுத்தபோது பருத்தி உறையில் கரும்புள்ளிகள் நிறையவும், ஹெம்ப் உறையில் சிலவும் இருந்தன. குறைவு என்பது உண்மை. பிடிக்காது என்பது உண்மையன்று.

மென்மையைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாக இருந்தபோது முழு ஹெம்ப் சட்டை கழுத்தை உரசியது. பன்னிரண்டு, பதினைந்து துவையலுக்குப் பின் அது இளகி, இப்போது கைக்கு இனிமையாக இருக்கிறது. எனினும், பழைய பருத்தி வேட்டியின் மென்மையை அது எட்டவில்லை. எட்டும் என்றும் நான் நினைக்கவில்லை. குழந்தைக்குத் தொட்டில் கட்டுவதற்கு எங்கள் ஆயா தேடி எடுத்தது பலமுறை துவைத்த பருத்திச் சேலையைத்தான்; இன்றைக்கும் நான் அதையே எடுப்பேன்.

உறுதியில் ஒரு நுட்பமான விஷயம் உண்டு. ஹெம்ப் நார் இழுவைக்கு மிகவும் வலுவானது, ஆனால் நீண்டு கொடுக்காது; பருத்தி நார் அறுவதற்கு முன் அதைவிடப் பல மடங்கு நீளும். அதனால்தான் ஹெம்ப் துணி எளிதில் கசங்குகிறது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் மடித்து இஸ்திரி போட்டால் அந்த மடிப்பில்தான் முதலில் நார் முறிகிறது. ஓராண்டு முடிவில் பருத்திச் சட்டையின் காலர் உரசலால் தேய்ந்து இழை தெரிகிறது. முழு ஹெம்ப் சட்டையின் காலர் பரப்பில் தேய்வே இல்லை. ஆனால் மடிப்பு விளிம்பில் ஒரு மெல்லிய வெளிறிய கோடு தோன்றியிருக்கிறது. கலப்புச் சட்டையில் அக்குளுக்கு அருகே சிறு பஞ்சு முடிச்சுகள் திரண்டிருக்கின்றன. ஹெம்ப் துணி வைத்திருப்பவர்கள் கூர்மையாக மடித்து இஸ்திரி போடாமல், ஈரமாக இருக்கும்போதே உதறிக் கொடியில் தொங்கவிடுவது நல்லது.

காவடிக்கு உடுத்தும் மஞ்சள் வேட்டிக்காக ஒரு சோதனையும் செய்தேன். ஆண்டுதோறும் எங்கள் கோயில் பிள்ளைகளுக்கு அந்த வேட்டிகளைத் தைத்துக் கொடுக்கிறேன். ஒரே பாத்திரத்தில், ஒரே அளவு மஞ்சள் கரைசலில் மூன்று துண்டுகளையும் நனைத்தேன். வெளுத்த பருத்தி பூசணிப் பூவைப் போலப் பளிச்சென்று எழுந்தது. ஹெம்ப்பின் இயல்பான சாம்பல் கலந்த பழுப்பு, மஞ்சளை மங்கச் செய்து, காய்ந்த வைக்கோல் நிறத்துக்குக் கொண்டுவந்தது. ஹெம்ப்பையும் வெளுத்துவிடலாம், ஆனால் அதற்கு வேண்டிய வேதிப்பொருளையும் நீரையும் சேர்த்துக்கொண்டால், எதற்காக ஹெம்ப்பைத் தேடினோமோ அந்த நோக்கமே பாதி கரைந்துவிடும். காவடி வேட்டிக்குப் பருத்திதான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

இப்போது வயலுக்குப் போவோம். கடைத் தம்பி சொன்னதில் உண்மை எங்கே இருக்கிறது என்றால், நாருக்கான ஹெம்ப் விதைத்து மூன்று, நான்கு மாதங்களில் அறுவடைக்கு வருகிறது. பருத்திக்கு ஐந்து, ஆறு மாதங்கள் வேண்டும். ஹெம்ப்பை நெருக்கமாக விதைப்பதால் அது களையை நிழலிலேயே அடக்கிவிடுகிறது. பூச்சித் தொல்லையும் குறைவு. ஆழமான வேர் மண்ணை இளக்குகிறது. ஒரு ஹெக்டேரிலிருந்து கிடைக்கும் நாரும் பொதுவாகப் பருத்தியைவிடக் கூடுதல். ஆனால் தண்ணீரே வேண்டாம் என்பது சரியன்று. நல்ல மழை பெய்யும் நிலத்தில் பாசனமின்றி வளரும் என்பதுதான் அதன் பொருள். வறண்ட நிலத்தில் அதற்கும் நீர் பாய்ச்ச வேண்டும். தழைச்சத்தும் அதற்கு நிறையவே வேண்டும். தவிரவும், ஹெம்ப் பகற்பொழுதின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிற செடி. கோடையில் மிக நீண்ட பகலையுடைய வட ஐரோப்பாவுக்காக உருவாக்கப்பட்ட விதைகளை நம்முடைய குறுகிய பகலில் விதைத்தால், தண்டு உயரும் முன்பே பூத்துவிடுகின்றன. தண்டு குட்டையானால் நாரும் குறைகிறது. இந்நாட்டுக்கு ஏற்ற விதை கைக்கு வரும்வரை, வெளிநாட்டு விளைச்சல் கணக்கை நம் வயலுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

பருத்தியின் மீதான குற்றச்சாட்டுகள் சிறியவை அல்ல. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாக ஏறத்தாழ 10,000 லிட்டர் நீர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீரை 1960-களிலிருந்து பருத்தி வயல்களுக்குத் திருப்பியதால் ஆரல் கடல் வற்றிப் போனது. இவற்றையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 10,000 லிட்டரில் வானத்திலிருந்து தானாகப் பெய்த மழையும் சேர்ந்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் பருத்தியில் பெரும்பகுதி மழையை மட்டுமே நம்பி விளைகிறது. ஆற்றைத் திருப்பி விளைவித்த பருத்தியையும், வானம் பார்த்த பூமியில் விளைந்த பருத்தியையும் ஒரே தட்டில் வைத்து எடை போடுவது முறையாகாது.

நம்முடைய குவாசூலு-நேட்டால் மாகாணத்தின் வடக்கில் பொங்கோலா ஆற்றோரம் மக்கத்தினி சமவெளி இருக்கிறது. அங்கே சிறு உழவர்கள் 1990-களின் இறுதியில் காய்ப்புழுவை எதிர்க்கும் மரபணு மாற்றுப் பருத்தியைப் பயிரிடத் தொடங்கினார்கள். ஆப்பிரிக்கச் சிறு உழவர்களிடையே அதுவே முதல் முயற்சி என்று உலகமெங்கும் பேசப்பட்டது. காய்ப்புழுவுக்கு மருந்தடிக்கும் வேலை குறைந்தது உண்மை. ஆனால் தத்துப்பூச்சி, அசுவினி போன்ற சாறுண்ணிகளை அந்த விதை தடுக்காது, அவற்றுக்கு மருந்து தொடர்ந்தது. அந்தப் பயிர்முறையைக் கவிழ்த்ததில் பூச்சியைவிடக் கடனுக்கே பங்கு அதிகம். விதைக்கும் மருந்துக்கும் முன்கடன் கொடுத்து, பருத்தியை வாங்கும்போது அதைப் பிடித்துக்கொண்ட ஆலைக்குப் பக்கத்திலேயே இன்னோர் ஆலை திறந்தது; கடனில் இருந்த உழவர்கள் புதிய ஆலைக்கு விற்றார்கள்; பழைய ஆலை கடன் கொடுப்பதை நிறுத்தியது. அதோடு வறட்சியும் விலை வீழ்ச்சியும் சேர்ந்துகொண்டன. ஹெம்ப்பை ஏழை உழவரின் புதிய பயிர் என்று இன்று பேசுகிறவர்கள், கிழக்குக் கேப் மாகாணத்திலோ இங்கோ விதை கொடுப்பதற்கு முன், யார் வாங்குவார், எந்த ஆலையில் நார் பிரியும், கடன் யாருடையது என்று கேட்க வேண்டும்.

இந்த மதிப்புரையில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது வயலுக்கும் துணிக்கும் இடைப்பட்ட தூரத்தைப் பற்றித்தான். பருத்தியின் பஞ்சு வெடித்த காயிலிருந்து கிட்டத்தட்ட நூற்கத் தயாராகவே வருகிறது. கொட்டையை நீக்கினால் 100 கிலோவுக்கு 35 முதல் 40 கிலோ பஞ்சு கிடைக்கும். கொட்டை எண்ணெயாகவும் மாட்டுத் தீவனமாகவும் போகிறது. அந்தப் பஞ்சில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல், செடியின் நார்ப்பொருளாகிய தூய செல்லுலோஸ். நீளமும் சீராக இருக்கும். 1974-இல் கோயம்புத்தூரில் வெளியிடப்பட்ட சுவின் போன்ற நீண்ட இழைப் பருத்தியில் மிக நுண்ணிய நூலும் நூற்கலாம்.

ஹெம்ப் அப்படியல்ல. நார் தண்டின் பட்டையில் பசையாலும் மரப்பொருளாலும் ஒட்டிக்கிடக்கிறது. அறுத்த தண்டை வாரக்கணக்கில் பனியில் கிடத்தியோ நீரில் ஊறவைத்தோ அந்தப் பசையை நுண்ணுயிர்கள் தின்னும்படி செய்ய வேண்டும். தேங்காய் மட்டை ஊறும் குட்டையை அறிந்தவர்களுக்கு அந்த நீர் எப்படி மாறும் என்று சொல்ல வேண்டியதில்லை; ஓடும் ஆற்றில் செய்தால் மீன்கள் மூச்சின்றிச் சாகும். பிறகு தண்டை நசுக்கி, மரச்சக்கையைப் பிரிக்க வேண்டும். தண்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் நார். இவ்வளவும் முடிந்து கிடைப்பது மீட்டர் நீளக் கற்றை. அதை லினன் நூற்கும் சிறப்பு இயந்திரங்களில் ஈரமாக நூற்கலாம். சாதாரணப் பருத்தி ஆலையில் நூற்க வேண்டுமானால், காரக் கரைசலில் வேகவைத்துப் பசை நீக்கி, பருத்தி அளவுக்குத் துண்டாக்க வேண்டும். 55-க்கு 45 என்ற கலப்புத் துணிகள் பெரும்பாலும் இவ்வகையில் வருகின்றன. நீண்ட நாரின் உறுதிதான் ஹெம்ப்பின் பெருமை. கலப்புத் துணியில் அந்த நீளத்தையே வெட்டிவிடுகிறார்கள். என் கலப்புச் சட்டையில் முடிச்சுகள் திரண்டதற்கு அதுவே காரணம் என்பது என் கணிப்பு.

பருத்தித் துணிக்கும் இந்த இடைவெளியில் கறை உண்டு. திருப்பூரின் சாயக்கழிவு நொய்யல் ஆற்றை அழித்து, கடைசியில் 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. நம் வீட்டு அலமாரியில் உள்ள உள்ளாடைகளில் எத்தனை அங்கிருந்து வந்தவை என்று எண்ணிப் பார்த்தால், இது தூரத்துச் செய்தியாகத் தோன்றாது. இங்கே பருத்தியைப் பழிக்க வேண்டியதில்லை. சாயத்தையும் கழிவுநீரையும் கேட்க வேண்டும். ஹெம்ப் துணியை அதே சாயப்பட்டறையில் முக்கினாலும் அதே கழிவுதான் ஓடும்.

நான் வாங்கிய ஹெம்ப் துணி எங்கே நெய்யப்பட்டது என்று கேட்டேன். தொங்கிய அட்டையில் பச்சை இலையும், மண்ணைக் காப்போம் என்ற வாசகமும் இருந்தன, நாடு குறிக்கப்படவில்லை. மூன்று முறை கேட்ட பிறகு, உள்ளேயிருந்து வந்த முதலாளி, துணி சீனாவில் நெய்யப்பட்டது என்று நேர்மையாகச் சொன்னார். பருத்தித் துணியோ ஈரோட்டிலிருந்து வந்தது. அதன் தானில் ஊர்ப்பெயர் அச்சிடப்பட்டிருந்தது. கப்பலில் வருவதால் ஏற்படும் கேடு, துணி தயாரிக்கும் கேட்டோடு ஒப்பிட்டால் சிறிது. அதை நான் பெரிதாக்கவில்லை. இங்கேயே நெய்தாலும் நம் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் லிம்போபோ மாகாணத்தில் பருத்தி விளையும் நாட்டில், தையல் தெரிந்த பெண்கள் வேலையின்றி இருக்கும் ஊரில், பயிரிட உரிமம் கொடுத்துவிட்டு நாரைத் துணியாக்கும் ஆலைகளைப் பற்றி அதே அக்கறையோடு பேசாமல் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

விலைக் கணக்கு இது. பருத்தி மீட்டர் 95 ரான்ட், கலப்பு 260 ரான்ட், முழு ஹெம்ப் 340 ரான்ட். ஒரு சட்டைக்கு இரண்டேகால் மீட்டர் எடுத்ததால், துணிச் செலவு மட்டும் முறையே ஏறத்தாழ 214, 585, 765 ரான்ட். பணத்தை மட்டும் பார்த்தால், கலப்புச் சட்டை பருத்தியைவிட இரண்டே முக்கால் மடங்கும், முழு ஹெம்ப் மூன்றரை மடங்குக்கு மேலும் உழைக்க வேண்டும். இப்போதைய தேய்மானத்தைப் பார்த்து, முழு ஹெம்ப் அந்த அளவை நெருங்கும் என்று நம்புகிறேன். கலப்பு இரு மடங்கைத் தாண்டாது என்றே தோன்றுகிறது. அந்த நடுத்தரக் கலப்பைத்தான் கடைகள் மிகுதியாக வைத்திருக்கின்றன. என் கணக்கில் மூன்றிலும் பின்தங்கியது அதுதான்.

ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். உலகில் உற்பத்தியாகும் நாரில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர்; பருத்தி ஐந்தில் ஒரு பங்கு அளவில் நிற்கிறது; ஹெம்ப் ஒரு விழுக்காட்டுக்கும் வெகு கீழே. இந்த இரண்டு செடிகளில் எதை வாங்கினாலும், கிழிந்த பிறகு மண்ணோடு மண்ணாகும் துணியை வாங்குகிறோம். பேரங்காடியில் 80 ரான்டுக்குத் தொங்கும் பளபளப்பான சட்டைக்கு அந்தக் குணம் இல்லை.

கடையைப் பற்றி: துணியின் தரம் நன்று, அளந்து வெட்டுவதில் ஒரு விரற்கடை கூடத்தான் கொடுத்தார்கள், பொறுமையாகப் பதில் சொன்னார்கள். நெய்த நாட்டையும் சதுர மீட்டர் எடையையும் அட்டையில் எழுதி வைக்க வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லிவந்தேன். அடுத்த மாதம் போனபோது ஹெம்ப் தான்களில் கையால் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. எடை மட்டும் இன்னும் இல்லை. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், தோட்ட வேலைக்கும் பயணத்துக்கும் முரட்டு உழைப்புக்கும் ஒரே ஒரு முழு ஹெம்ப் சட்டையை, சாயமும் வெளுப்பும் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். படுக்கைக்கும் குழந்தைகளுக்கும் வேட்டிக்கும் பருத்தியே இருக்கட்டும்; இந்தப் பக்கத்து நாடுகளில் மழையில் விளைந்தது என்று யாராவது உறுதி சொன்னால் சற்றுக் கூடுதல் கொடுத்தும் வாங்குங்கள். வருகிற தைப்பூசத்துக்குக் கோயிலில் 24 வேட்டிகள் கேட்டிருக்கிறார்கள். ஈரோட்டுத் தானில் இரண்டை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். மஞ்சளை இந்த முறை வீட்டிலேயே அரைக்கப் போகிறேன்.